வற்றிய ஏரி பிழைக்கும், மறந்த ஏரி பிழைக்காது

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)

விதை, உரம், பூச்சிமருந்து, சந்தை விலை என்று எத்தனையோ விஷயங்களை இந்தப் பக்கத்தில் படித்திருப்பீர்கள். இன்றைக்குக் கொஞ்சம் பழங்கதை பேசலாம். பழங்கதை என்றதும் ராஜா ராணி கதை என்று நினைத்துவிட வேண்டாம். நம்ம ஊர் ஏரியின் கதை. ஏரிக்கும் சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரம் தெரியாமல் ஏரியைக் காப்பாற்ற முடியாது. ஏன் என்று கேட்கிறீர்களா? மேலே படியுங்கள், உங்களுக்கே விளங்கும்.

ராயக்கோட்டை மலைமேல் ஏறிப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். எங்கே பார்த்தாலும் பாறை. நடுநடுவே சிவப்பு மண், ராகிக் கொல்லை, தக்காளித் தோட்டம், மாந்தோப்பு. காவிரி டெல்டா மாதிரி வருஷம் முழுக்க வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற பூமி இது அல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வருஷத்துக்கு எண்ணூறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்கிறது. அதுவும் ஒரே சீராகப் பெய்யாது. நாலு நாள் கொட்டும், நாற்பது நாள் காயும். கீழே பாறை என்பதால் மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீரும் கொஞ்சம்தான். அந்த நாலு நாள் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் மிச்ச நாளைக்கு சோறு. அதற்குத்தான் நம் முன்னோர்கள் ஏரி கட்டினார்கள்.

ஒரு ஏரி என்று ஒன்று கிடையாது

ஏரியைத் தனியாகப் பார்க்கக்கூடாது. பள்ளத்தாக்கின் தலைமாட்டில் ஒரு சின்ன ஏரி. அது நிரம்பிக் கோடி போனால் அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்கு வரும். அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ள ஏரிக்கு. இப்படி மாலை கோத்த மாதிரி ஏரிகள். கடைசி ஏரியின் கோடித் தண்ணீர் ஓடைக்குப் போகும்; ஓடை ஆற்றுக்குப் போகும். மேல் ஏரியின் கோடி எதுவோ அதுதான் கீழ் ஏரியின் வாய். மேல் ஊர்க்காரன் துப்பினால் கீழ் ஊர்க்காரன் குடிக்கவேண்டியதுதான்!

தமிழ்நாட்டில் மட்டும் இப்படிச் சுமார் 39,000 ஏரிகள் கணக்கில் இருக்கின்றன. காஞ்சிபுரத்துப் பக்கம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியம் என்று ஊர்ச்சபையில் ஒரு குழுவே இருந்ததைச் சொல்கின்றன. ஏரியைப் பராமரிக்க விட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பேர். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடக் கல்வெட்டுகளில் இதே ஏற்பாட்டுக்கு பித்துவட்டா, கட்டு கொடிகே என்று பேர். ஏரி கட்டினவனுக்கும் உடைப்பை அடைத்தவனுக்கும் ஊர் நிலம் கொடுத்தது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுகிற நம்ம பக்கத்தில் மதகைத் திறந்து மூடுகிறவரை நீர்கண்டி என்று சொல்லுவார்கள். எந்தக் கொல்லைக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது அவர் தலையில் இருந்த கணக்கு. அறுவடையில் அவருக்கு ஒரு பங்கு. பாஷை மூன்று, ஏற்பாடு ஒன்று.

ஏரிக்குள் இருக்கிற குடும்பம்

ஏரி என்றால் வெறும் தண்ணீர்த் தொட்டி அல்ல. அதற்குள் ஒரு பெரிய குடும்பமே குடியிருக்கிறது. சித்திரை வெயிலில் உங்கள் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, செத்துப் போச்சு என்று நினைப்பீர்கள். சாகவில்லை, தூங்குகிறது. அந்த வெடிப்புக்குள்ளே நத்தை தன் ஓட்டு வாசலை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். தவளை ஈர மண்ணுக்குள் புதைந்திருக்கும். நண்டு வளைக்குள் இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் முட்டைகள் காய்ந்த சேற்றில் வருஷக்கணக்கில்கூடக் கெடாமல் கிடக்கும். கோரைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கும்.

முதல் மழை விழட்டும், அப்புறம் பாருங்கள். இரவெல்லாம் தவளைக் கச்சேரி. ஒரு வாரத்தில் தண்ணீரில் பாசி பிடிக்கும். பாசியைத் தின்ன நுண்ணுயிர்கள் கிளம்பும். அதைத் தின்னத் தட்டான் குஞ்சும் மீன் குஞ்சும் வரும். கோடி போகிற நாளில் கெண்டையும் உளுவையும் இன்னும் பல பொடிமீன்களும் புதுத் தண்ணீரை எதிர்த்து மேல் ஏரிக்கு ஏறப் பார்க்கும். எதற்கு? முட்டை விடத்தான். கோடிக்கல்லில் துள்ளுகிற மீனைக் கூடை வைத்துப் பிடித்தவர்கள் நம்மில் பலபேர். கால்வாய் தூர்ந்து போனால் அந்த மீனுக்குப் போகிற வழியும் அடைபட்டுப் போகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

குறவை மீனின் குடித்தனத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முட்டை பொரிந்ததும் தாயும் தகப்பனும் குஞ்சுக்கூட்டத்தை விட்டு நகராது. செந்தூரம் கரைத்த மாதிரி ஒரு கொத்தாகக் குஞ்சுகள் மேலே வந்து போகும். கீழே பெரிய மீன் காவல் நிற்கும். மீனைப் பிடிக்க நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி, முக்குளிப்பான். பறவை எச்சம் மறுபடி தண்ணீருக்கு உரம். அந்தத் தண்ணீர் வயலுக்குப் போனால் பயிருக்கு உரம்.

இது ஏதோ இன்றைய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த சங்கதி என்று எண்ணாதீர்கள். செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் ஊர்க்காரர்களுக்கு 1790-களிலேயே இது தெரிந்திருந்தது. அவர்கள் ஏரியில் தங்கின பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஊரார் நேரே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டுப் பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை எழுத்தில் வாங்கிவந்தார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு நல்லது என்பது அவர்கள் அனுபவம். சரணாலயம் என்ற வார்த்தை சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு வெகுகாலம் முந்தின விஷயம் இது.

தவளைக்கும் ஒரு கணக்கு உண்டு. வயல் பூச்சியைத் தின்று கூலி கேட்காமல் வேலை செய்கிறது. ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து தவளைக் கால்களை டன் கணக்கில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தோம். பூச்சி பெருகுகிறது என்ற கவலை வந்த பிறகு, 1987-ல் மத்திய அரசு அந்த ஏற்றுமதியையே தடை செய்துவிட்டது. டாலர் வருகிறதே என்று தவளையை அனுப்பி, அதே டாலரைக் கொடுத்துப் பூச்சிமருந்து வாங்குவது புத்திசாலித்தனமா? நீங்களே சொல்லுங்கள்.

கம்பெனி வந்தது, கணக்கு மாறியது

இப்போது நம்ம ஊர் சரித்திரத்துக்கு வருவோம். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-ல், ராயக்கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் பாராமகால் சீமையைத் திப்பு சுல்தான் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை கவர்னரான அதே மன்றோதான். 1792 முதல் 1799 வரை இந்தப் பக்கத்திலேயே சுற்றி நிலத்தை அளந்து, ஒவ்வொரு ரயத்திடமும் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை இங்கேதான் பழகினார்கள்.

ரயத்துவாரியால் குடியானவனுக்கு நன்மையும் உண்டு. நடுவில் இருந்த குத்தகைக்காரர் தொல்லை குறைந்தது. பட்டா அவன் பெயரில் வந்தது. ஆனால் ஏரிக்கு என்ன ஆயிற்று? நிலம் தனித்தனி ஆளுடையது ஆயிற்று. ஏரி சர்க்காருடையது ஆயிற்று. முன்னே ஊர் கூடிக் கரை போட்டது, தூர் வாரியது. அதுதான் குடிமராமத்து. வரியை சர்க்கார் வாங்குகிறது, கரையை நான் ஏன் போடவேண்டும் என்று குடியானவன் கேட்க ஆரம்பித்தான். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கத்தானே செய்கிறது? 1858-ல் கட்டாய வேலைச் சட்டம் ஒன்று போட்டுப் பார்த்தார்கள். சட்டத்தால் கரைக்கு ஆளை வரவழைக்கலாம். அக்கறையை வரவழைக்க முடியுமா? 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தபோது மைசூரும் நம் சேலம் ஜில்லாவும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. (அன்றைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஜில்லாதான். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல்.)

பஞ்சத்துக்குப் பிறகு மைசூர் சமஸ்தானம் புது ஏரிகள் கட்டவும் பழைய ஏரிகளைச் செப்பனிடவும் முனைந்தது. நம்முடைய ஆறுகள் எல்லாம் மேலே மைசூரில் பிறப்பவை. நந்திமலைப் பக்கத்தைப் பாருங்கள்: வடபெண்ணை, தென்பெண்ணை, பாலாறு, அர்க்காவதி, சித்ராவதி என்று ஐந்து ஆறுகளுக்கு அதுதான் பிறந்த வீடு. மேலே தடுத்துவிட்டால் கீழே என்ன ஆகும் என்று சென்னை சர்க்கார் கவலைப்பட்டது. பேசிப் பேசி 1892 பிப்ரவரியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சென்னையைக் கேட்காமல் இன்ன ஆறுகளில் மைசூர் புதிதாகப் பாசன வேலை செய்யக்கூடாது என்பது அதன் சாரம்.

இந்த ஒப்பந்தத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அது முழுக்க முழுக்கத் தண்ணீரின் அளவைப் பற்றிய பேச்சு. எவ்வளவு வரும், எவ்வளவு நிற்கும் என்பதுதான் கவலை. எப்படிப்பட்ட தண்ணீர் வரும் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மேலே இருந்து வருகிற தண்ணீர் குடிக்கிற தண்ணீராகத்தான் இருக்கும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை.

பெங்களூர் ஏரியை மறந்த கதை

அந்த நம்பிக்கை எப்படிப் போயிற்று? அதைத் தெரிந்துகொள்ள நம்ம ஊரிலிருந்து வடக்கே, ஓசூர் தாண்டி, பெங்களூர் வரைக்கும் போகவேண்டும்.

பெங்களூரில் பெரிய ஆறு கிடையாது. மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். மேட்டுக்கு மேற்கே விழுகிற மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகும். கிழக்கே விழுகிற மழை ஏரி ஏரியாக இறங்கி பெள்ளந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தென்பெண்ணைக்கும் வரும். கன்னடத்தில் தட்சிண பினாகினி என்பதும் நம்முடைய தென்பெண்ணை என்பதும் ஒன்றேதான். ஆக, பெங்களூரின் கிழக்குப் பாதி ஏரிகளும் நம்ம ஏரிகளும் ஒரே மாலையில் கோத்த மணிகள்.

பழைய பெங்களூர் ஏரித் தண்ணீரைத்தான் குடித்தது. குடிக்கிற ஏரியில் யாராவது சாக்கடையை விடுவார்களா? விடவில்லை. பிறகு 1890-களில் அர்க்காவதியில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. 1930-களில் திப்பகொண்டனஹள்ளித் தண்ணீர் வந்தது. 1974-ல் காவிரித் தண்ணீரே வந்துவிட்டது. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் பம்பு வைத்து ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். நல்ல காரியம்தான், ஜனங்களுக்குத் தண்ணீர் வேண்டுமே. ஆனால் குழாய் வந்த வீட்டுக்கு ஏரி எதற்கு? தர்மாம்புதி ஏரி பஸ் ஸ்டாண்டு ஆயிற்று. சம்பங்கி ஏரி விளையாட்டு அரங்கம் ஆயிற்று. மூடமுடியாத பெரிய ஏரிகள் சாக்கடைக்குப் போக்கிடம் ஆயின.

கணக்கைப் பாருங்கள். காவிரியில் எடுத்த தண்ணீர் பெங்களூர் வீடுகளில் புகுந்து, குளித்து, துவைத்து, கழுவி, கிழக்குச் சரிவில் இறங்கித் தென்பெண்ணைக்கு வருகிறது. ஓர் ஆற்றின் தண்ணீர் இன்னோர் ஆற்றுக்குச் சாக்கடையாக வந்து சேருகிறது. 1892-ல் கையெழுத்துப் போட்டவர்கள் கனவிலும் நினைக்காத சங்கதி இது!

பெள்ளந்தூர் ஏரி சுமார் 900 ஏக்கர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தண்ணீரில் இறங்கும் கேட்டலினா விமானங்கள் வந்து இறங்கின ஏரி. அவ்வளவு விசாலம். அதே ஏரியில் 2015-ல் நுரை பொங்கி, அந்த நுரைமேலேயே தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் மறுபடி தீ. 2018 ஜனவரியில் பிடித்த தீயை ராணுவ வீரர்கள் வந்து மணிக்கணக்காகப் போராடி அணைத்தார்கள். தண்ணீரில் தீப்பிடித்தது என்று சொன்னால் நம்ம பாட்டி காலத்தில் யாராவது நம்பியிருப்பார்களா?

நுரை எப்படி வருகிறது?

இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. துணி துவைக்கிற சோப்புத்தூளில் அழுக்கை எடுக்கிற மருந்து ஒன்று இருக்கிறது. சாக்கடையோடு அது ஏரிக்கு வருகிறது. நல்ல ஏரியில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். ஆனால் தின்பதற்கு அவற்றுக்கும் பிராணவாயு வேண்டும். சாக்கடை மிஞ்சினால் பிராணவாயு தீர்ந்துபோகும், மருந்து தீராது. அது சேற்றிலும் படிந்து கிடக்கும். மழை வெள்ளம் வந்து சேற்றைக் கலக்கி, கோடியிலோ அணை மதகிலோ உயரத்திலிருந்து விழும்போது, மோர் கடைகிற மாதிரி காற்று கலந்து நுரை எழும்பும். அதனால்தான் மழைக்காலத்தில், வெள்ளம் வருகிற சமயத்தில், நுரையும் கூடவே வருகிறது.

சாக்கடையில் பாஸ்பரஸ், நைட்ரஜன் சத்தும் இருக்கிறது. நீங்கள் வயலுக்குக் காசு கொடுத்துப் போடுகிற அதே சத்துதான். ஏரிக்குள் அளவுக்கு மீறிப் போனால் பயிருக்குப் பதிலாக ஆகாயத்தாமரை வளருகிறது. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி அது. ஏரி முழுக்கப் பாய் விரித்துவிடும். அடியில் வெளிச்சம் போகாது. பாசி பெருகின தண்ணீரில் பகலில் பிராணவாயு இருக்கும். ராத்திரி பாசியே அதைக் குடித்துவிடும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். 2016 மார்ச்சில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன் செத்து மிதந்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்.

இனி ஒரு சுலபமான பரீட்சை சொல்லுகிறேன். உங்கள் ஏரியில் முன்னே இருந்த மீன் எது, இப்போது இருக்கிற மீன் எது என்று வலை போடுகிறவரைக் கேளுங்கள். அயிரையும் உளுவையும் பொடிக்கெண்டையும் இருந்தால் தண்ணீர் இன்னும் நல்லாத்தான் இருக்கு. ஜிலேபியும் கெளுத்தியும் மட்டும் மிச்சமிருந்தால் சந்தேகப்படுங்கள். ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன். கெட்ட தண்ணீரையும் தாங்கும். சிலவகைக் கெளுத்தியும் குறவையும் மேலே வந்து காற்றை நேராகவே குடிக்கும், அதனால் தப்பும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பது 2000-லிருந்து தடை செய்யப்பட்டது. அது ஏரிக்குள் புகுந்தால் நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

எல்லைக்கு இந்தப் பக்கம்

தென்பெண்ணை தமிழ்நாட்டில் நுழைந்ததும் முதலில் நிற்கிற இடம் ஓசூருக்குப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணை. சுமார் 8,000 ஏக்கருக்குப் பாசனம். அடுத்தது காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1950-களில் கட்டின கிருஷ்ணகிரி அணை. அதில் சுமார் 9,000 ஏக்கர். பிறகு பாரூர் ஏரி, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர்ப் பக்கம் கடல். கெலவரப்பள்ளி மதகில் நுரை மலை மலையாக எழும்பி, காற்றில் பறந்து ரோட்டிலும் கொல்லையிலும் விழுகிற படத்தைப் பல வருஷமாகப் பார்க்கிறோம். அந்தத் தண்ணீரில் இறங்கி மடை திருப்புகிறவனுக்குக் கால் அரிப்பு. தண்ணீர் இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதா, இப்படி இருக்கிறதே என்று வருத்தப்படுவதா?

தென்பெண்ணைத் தண்ணீர் அளவைப் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. தண்ணீரின் குணத்தைப் பற்றிப் பசுமைத் தீர்ப்பாயம் பேசியது. 2018 டிசம்பரில் பெள்ளந்தூர் சம்பந்தமாகக் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்து, ஏரியைச் சீர்செய்ய 500 கோடி ரூபாயைத் தனியே ஒதுக்கச் சொன்னது. 2020-ல் அங்கே தூர் வாரும் வேலையும் தொடங்கியது. 2018-லிருந்து பெங்களூர்க் கழிவுநீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் பம்பு செய்கிறார்கள். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்டம். இதில் நமக்கு இரண்டு கவலை உண்டு. கெட்ட தண்ணீர் வந்தாலும் கஷ்டம், அதுவும் வராமல் போனாலும் கஷ்டம். ஆகவே அளவையும் குணத்தையும் சேர்த்தே கேட்கவேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்டால் 1892-ல் நடந்த கதைதான்.

எல்லாப் பழியையும் பெங்களூர்மேல் போட்டுவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளலாமா? கூடாது. 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று தொழில்கள் பெருகின. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது, அதை மறுக்க முடியாது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியே ஆகிவிட்டது. ஊர் பெருத்த வேகத்துக்குச் சாக்கடை வசதி பெருகவில்லை. ஓடையிலும் ஏரியிலும்தான் வந்து விழுகிறது. தூர்ந்த ராஜகால்வாய்மேல் மனை போட்டு விற்றவர்களும் நம்மவர்கள்தான், வாங்கினவர்களும் நம்மவர்கள்தான்.

கிராமத்துக் கதையும் வேறு மாதிரி இல்லை. முதலில் கிணறு. பிறகு போர்வெல். நூறு அடி, முந்நூறு அடி, ஆயிரம் அடி. சொந்த போர் வந்தவன் ஏரிக் கரைக்கு வரவில்லை. நீர்கண்டி வேலை போயிற்று. ஆழத்துப் பாறைத் தண்ணீரில் புளூரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லில் கறை படிந்த குழந்தைகளைப் பார்க்காத ஆசிரியர் கிடையாது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-ல் தொடங்கிக் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். அவசியமான திட்டம், வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் நிதானித்து யோசியுங்கள். பெங்களூருக்கு 1974-ல் வந்த அதே காவிரி நமக்கு 2013-ல் வந்திருக்கிறது. குழாய் வந்ததும் அவர்கள் ஏரியை மறந்தார்கள். குழாய் வந்துவிட்டது, நாம் என்ன செய்யப்போகிறோம்?

உங்களுக்கு நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். ஏரி பஞ்சத்தால் சாகவில்லை. தாது வருஷத்தில் காய்ந்த ஏரிகள் மறுபடி நிரம்பின, மறுபடி மீன் வந்தது. இந்த ஏரி எனக்கு வேண்டாம் என்று ஊர் நினைத்த நாளில்தான் அது செத்தது.

இனி நாம் செய்யவேண்டியது

முதலாவது, உங்கள் ஏரிக்கு மேலே எந்த ஏரி, கீழே எந்த ஏரி என்று கண்டுபிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிற வரைபடத்தில் வரத்துக்கால்வாய் கோடு தெரியும். ஒரு நாள் நாலு பேர் சேர்ந்து அந்தக் கோட்டில் நடந்து பாருங்கள். எங்கே அடைப்பு, எங்கே சாக்கடை சேருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தூர் வாரும்போது ஏரியை மட்டும் வாரிவிட்டுக் கால்வாயை விட்டுவிட்டால், வாயைத் தைத்துவிட்டு வயிற்றைப் பெரிசாக்கின கதைதான்.

இரண்டாவது, 2016-17-ல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தது. வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுக்கவும் 2017-ல் வழிசெய்தது. வண்டல் நல்ல உரம். ஆனால் ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் சேர்ந்த ஏரியின் வண்டலைப் பரிசோதிக்காமல் கொல்லையில் கொட்டாதீர்கள். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் மண்ணில் சேர்ந்தால் லேசில் போகாது.

மூன்றாவது, ஏரியை ஒரே மட்டமாக வழித்து எடுக்கக்கூடாது. ஓரத்தில் கொஞ்சம் கோரையும் சம்பும் இருக்கட்டும். தண்ணீரை வடிகட்டுவதும் மீன் குஞ்சுக்கு மறைவிடம் கொடுப்பதும் பறவை கூடு கட்டுவதும் அங்கேதான். நடுவில் ஒரு பள்ளம் கோடையிலும் ஈரமாக இருக்கட்டும். அடுத்த வருஷத்து மீனுக்கு அதுதான் விதை. ஆகாயத்தாமரையை மட்டும் பூப்பதற்கு முன்னே வாரிக் கரையேற்றிவிடுங்கள்.

நான்காவது, ஆற்றுத் தண்ணீரிலோ அணைத் தண்ணீரிலோ பாசனம் செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். நுரை வருகிற நாளில் பச்சையாகத் தின்கிற கீரை, கொத்தமல்லி, வெள்ளரிக்கு அந்தத் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள். தண்ணீரில் இறங்கி வேலை செய்தால் கை காலை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ராயக்கோட்டைத் தக்காளி பல மாநிலங்களுக்கு லாரி லாரியாகப் போகிறது. இந்தப் பெயரைச் சம்பாதிக்கப் பல வருஷம் ஆயிற்று, கெடுக்க ஒரு வாரம் போதும்.

ஐந்தாவது, தென்பெண்ணைத் தண்ணீரைக் கால்வாய் வெட்டி நம்ம பக்கத்து வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுவரவேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. கட்டாயம் கேட்கவேண்டியதுதான். கேட்கும்போது, என்ன தண்ணீர் என்றும் கேளுங்கள். சாக்கடை படாத ஏரிகள் இன்னும் நம்மிடம் மிச்சம் இருக்கின்றன. சுத்திகரிக்காத தண்ணீரை அவற்றில் விட்டால், வறண்ட ஏரியை நிரப்பினோம் என்ற பேர் வரும், உள்ளே தூங்குகிற நத்தையும் தவளையும் மீனும் எழுந்திருக்காது. அப்புறம் எந்த மழை வந்தாலும் அந்தக் குடும்பம் திரும்பி வருவது சந்தேகம்.

ஏரிக் கரையில் ஆடு மேய்க்கிற பாட்டியைக் கேட்டால் அந்தக் காலத்தில் எந்த மதகில் குடம் வைத்தோம், எந்தத் துறையில் குடிதண்ணீர் எடுத்தோம் என்று சொல்லுவாள். அந்தத் துறையை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஊர்க் கூட்டத்தில் மற்ற விஷயங்கள் பேசுவதற்கு முன்னால் ஏரியில் எத்தனை அடி தண்ணீர், கால்வாய் எப்படி இருக்கிறது என்று கேட்கிற பழக்கத்தை ஆரம்பியுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் வரத்துக்கால்வாயில் நடந்துவிட்டு வாருங்கள்.